தங்கக் கால்சட்டை

அன்புள்ள ஐயா,

நான் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் புள்ளிவிவரப் பகுப்பாய்வு வேலை. நவம்பர் வந்துவிட்டால் இந்த ஊரில் வேறு பேச்சே கிடையாது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம்தான் எல்லா வாயிலும். இந்த ஆண்டு, அதாவது 2025இல், அது நவம்பர் 29ஆம் தேதி, மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில்.

எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் நாள்தோறும் இதே விவாதம். ஒருவர் மூன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்கிறார். இன்னொருவர் வயதில் மூத்தவர். மிச்சிகன் என்ற பெயரையே சொல்லாமல் ‘வடக்கே இருக்கிற அந்த அணி’ என்றுதான் குறிப்பிடுவார். இந்த முறையும் தோற்கத்தான் போகிறோம் என்று அடித்துச் சொல்கிறார். ஒஹாயோ ஸ்டேட் இந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை, தரவரிசையில் முதலிடம். மிச்சிகன் இரண்டில் தோற்றிருக்கிறது. அப்படியும் இவ்வளவு பயம். நான் இரு அணிகளின் இந்த ஆண்டு ஆட்டங்களையும் எடுத்து ஒரு சூத்திரம் போட்டுப் பார்த்தேன். ஒஹாயோ ஸ்டேட் ஜெயிக்க நூற்றுக்கு எழுபத்தெட்டு வாய்ப்பு என்று வந்தது. நல்ல செய்தி என்று நினைத்து மேசையில் சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மூத்தவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இன்னொன்று. என் மகனுக்கு ஒன்பது வயது, இங்கேயே பிறந்தவன். சென்ற ஆண்டு மிச்சிகனிடம் 13–10 என்று தோற்ற அன்று சாப்பிடாமல் அழுதான். ‘வெறும் விளையாட்டுதானே, கோப்பைக்கான ஆட்டங்கள் இன்னும் இருக்கின்றன’ என்று தேற்றினேன். நான் சொன்னபடியே ஜனவரியில் தேசியக் கோப்பையை ஜெயித்தார்கள். கோப்பைப் படம் போட்ட பனியன் வாங்கிக் கொடுத்தேன். ‘ஆனால் அவர்களிடம் தோற்றோமே அப்பா’ என்றான். பனியன் இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

நல்ல கணக்கைச் சொன்னதற்கு ஏன் கோபம்? ஒரு பல்கலைக்கழக அணிக்காக வளர்ந்தவர்கள் இப்படி ஆவது பக்குவமின்மை அல்லவா? நமக்குத் தொடர்பே இல்லாத ஒன்றில் என் மகன் இந்த அளவு ஒட்டிக்கொள்வதை அனுமதிக்கலாமா? தலையில் அடிபடும் இந்த ஆட்டத்தின் வன்முறை, இப்போது ஆட்டக்காரர்களுக்குக் கொட்டப்படும் பணம் ஆகியவற்றைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்., கொலம்பஸ்

அன்புள்ள எஸ்.,

சில வாரங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். ஓடிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பதக்கம் கொடுத்தார்கள். முதலில் வந்தவளுக்கும் அதே பதக்கம், பாதி வழியில் நின்று அம்மாவுக்குக் கையசைத்தவனுக்கும் அதே பதக்கம். கடைசியாக வந்த சிறுமி அதைக் கழற்றிப் பாட்டியின் கைப்பைக்குள் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோற்றவர்களைத் தோற்கவிடாத இந்தக் கருணையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் பையனைப் பற்றிப் படித்தேன். உங்கள் கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்வதாகத்தான் உத்தேசம். நடக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன்.

முதலில் அந்த எழுபத்தெட்டு.

உங்கள் சூத்திரத்தில் குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சென்ற ஆண்டு பந்தயக்காரர்களும் ஒஹாயோ ஸ்டேட் ஏறத்தாழ இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்றுதான் கணித்தார்கள். சொந்தப் பணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் அவர்கள், தப்பினால் கையைச் சுடும். மிச்சிகன் அன்று கொலம்பஸுக்கு வந்தபோது ஆறு வெற்றி, ஐந்து தோல்வி. அதன் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களான வில் ஜான்சனும் கோல்ஸ்டன் லவ்லண்டும் களத்திலேயே இல்லை. அதன் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர், வீசிச் சேர்த்தது ஆட்டம் முழுக்க 62 கஜம். போதாததற்கு இரண்டு முறை பந்தை எதிரணியின் கையிலேயே கொடுத்தார். இதையெல்லாம் உங்கள் சூத்திரத்துக்குள் போட்டிருந்தால் எழுபத்தெட்டு என்ன, தொண்ணூற்றைத் தொட்டிருக்கும்.

என்ன நடந்தது? மிச்சிகனின் பலமே அதன் தற்காப்பு வரிசையின் நடுவில் நின்ற மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற மலை போன்ற இருவர்தான். ஒஹாயோ ஸ்டேட்டின் முன்வரிசையிலோ முக்கியமான இருவர் காயம்பட்டு வெளியே இருந்தார்கள். ஓரத்தில் ஜெரமையா ஸ்மித் என்ற அபாரமான பையன், எப்படி வீசினாலும் பிடிப்பவன், நின்றுகொண்டிருந்தான். அவனை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப அந்த இரண்டு மலைகளின்மேலேயே போய் முட்டினார்கள். எட்டும் தூரத்திலிருந்து, கம்பங்களுக்கு நடுவே போக வேண்டும் என்று உதைத்த இரண்டு ஃபீல்ட் கோல்களும் தவறின. 45 விநாடி மிச்சமிருக்கும்போது மிச்சிகனின் டொமினிக் ஸ்வாடா 21 கஜத்திலிருந்து உதைத்துக் கதையை முடித்தார்.

ஏன் போய் முட்டினார்கள்? அதற்கு முன் மூன்று ஆண்டுகள் வரிசையாக மிச்சிகனிடம் தோற்றிருந்தார்கள். நளினமாக ஆடத் தெரியும், உடம்பில் வலுவில்லை என்ற ஏச்சு காதில் விழுந்தபடியே இருந்தது. அந்தப் புண்ணுக்கு மருந்து போடத்தான் வலுவைக் காட்டப் போனார்கள் என்பது கொலம்பஸ் ரசிகர்களின் வாதம். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. வேறு எந்த அணிக்கு எதிராகவும் அவர்கள் அப்படி ஆடியிருக்கமாட்டார்கள். பகையாளிக்கு முன்னால் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். அந்த நெடுவரிசை உங்கள் அட்டவணையில் இல்லை.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். காப்பீட்டு நிறுவனத்திடம் லட்சம் வீடுகள் இருக்கின்றன, இந்த ஆண்டு அதில் எத்தனை எரியும் என்று தெரிந்தால் அதற்குப் போதும். வீட்டுக்காரனுக்கு இருப்பது ஒரே வீடு. அவன் வாசலில் போய் நின்று, உங்கள் வீடு எரியாமல் இருக்க நூற்றுக்கு எழுபத்தெட்டு வாய்ப்பு என்று சொல்லிவிட்டு, அவன் நன்றி சொல்லவில்லையே என்று வருத்தப்படுகிறீர்கள். ஆண்டுக்கு ஒரே ஆட்டம். இவர்கள் எங்கே நூறு முறை ஆடி உங்கள் சதவீதத்தைச் சரிபார்க்கப் போகிறார்கள்?

தட்டை எடுத்துக்கொண்டு போனவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தால் தொண்ணூறுகளை நேரில் பார்த்திருப்பார். ஜான் கூப்பர் என்ற பயிற்சியாளர் 1988 முதல் 2000 வரை ஒஹாயோ ஸ்டேட்டை நடத்தினார். 111 வெற்றிகள். மிச்சிகனோடு மட்டும் பதின்மூன்று ஆட்டங்களில் இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி, ஒரு சமன். 1993, 1995, 1996 மூன்று ஆண்டுகளிலும் தோல்வியே காணாத அணியை அழைத்துக்கொண்டு போய் மிச்சிகனிடம் விழுந்தார். 1995இல் மிச்சிகனின் பியாகபுடூகா என்ற ஒரே ஆள் பந்தோடு 313 கஜம் ஓடினார். அந்த மூன்று ஆண்டுகளிலும் உங்களைப் போல ஒருவர் மேசைக்கு நல்ல செய்தி கொண்டுவந்திருப்பார். ‘தோல்வி இல்லை, முதலிடம்’ என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அவர் காதில் 1996 விழுந்திருக்கிறது. அவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த முறை அவர் பயப்படும்போது எதிரே உட்கார்ந்து கொஞ்சம் நீங்களும் பயப்படுங்கள், போதும்.

அடுத்து, பக்குவமின்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். சம்பளம் வாங்கும் இடத்தில், சேர்ந்து சாப்பிடும் மேசையில், தன் பயத்தை ஒளிக்காமல் சொல்கிறார் ஒருவர். அவருக்குப் பக்குவமில்லை, அதைக் குறிப்பெடுத்து ஏழு கடல் தாண்டி எனக்கு எழுதுகிற உங்களுக்கு உண்டு, அப்படித்தானே? எட்டி நின்று பார்ப்பதைப் பக்குவம் என்று நம் ஆட்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன ஊரில் எதிலும் பட்டுக்கொள்ளாமல் முப்பது வருடம் ஓட்டிவிட்டு, ஓய்வுபெற்றபின் இங்கே யாருமே நமக்கு ஒட்டவில்லை என்று புலம்புவார்கள். அந்தக் கடிதங்களும் எனக்கு வருகின்றன.

‘ஒரு பல்கலைக்கழக அணிக்காக’ என்பதற்கு மட்டும் சுருக்கமாக. அது ஏதோ பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடமாகத் தொடங்கியதல்ல. லிங்கன் 1862இல் கையெழுத்திட்ட மோரில் சட்டப்படி மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் உழவுக்கும் தொழிலுக்கும் கல்லூரி வைக்கச் சொன்னார்கள். 1870இல் ஒஹாயோ விவசாய, இயந்திரக் கல்லூரி என்று பிறந்ததுதான் இன்றைய ஒஹாயோ ஸ்டேட். அதன் வாசலை மிதிக்காத விவசாயியும் லாரி ஓட்டுநரும் அதைத் தங்களுடையது என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் பல்கலைக்கழகத்தைப் பஸ்ஸில் கடந்துபோகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த நினைப்பு உண்டு? அதை நினைத்து வேண்டுமானால் வருத்தப்படலாம்.

பகைக்கும் வேர் இருக்கிறது. டொலிடோ நகரம் யாருக்கு என்று 1835இல் ஒஹாயோவும் மிச்சிகனும் படையே திரட்டின. சண்டை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பேனாக்கத்தியால் குத்துப்பட்ட ஒரு மிச்சிகன் காவல் அதிகாரி மட்டும் ரத்தம் சிந்தினார், பிழைத்தும்விட்டார். குத்தியவர் பெயர் டூ ஸ்டிக்னி. அவருடைய அப்பா தன் பையன்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண்களையே பெயராக வைத்திருந்தார். உங்கள் கட்சிக்காரர்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். உங்கள் பையன் கேட்டானே, ‘ஆனால் அவர்களிடம் தோற்றோமே அப்பா’ என்று. அந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. பதில் இல்லாமல்தான் இருந்திருக்கும். பையன் சொல்வது சரி, அப்பா சொன்னது தவறு. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1973 நவம்பர், ஆன் ஆர்பர். இரு அணிகளும் தோல்வி இல்லாமல் வந்து நின்றன. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வூடி ஹேய்ஸ். மிச்சிகனுக்கு போ ஷெம்பெக்லர், ஹேய்ஸிடம் ஆடியும் உதவியாளராக இருந்தும் தொழில் கற்றவர். ஆட்டம் 10–10 என்று சமனில் முடிந்தது. அந்தக் காலத்தில் பிக் டென் என்ற அவர்களுடைய கூட்டமைப்பிலிருந்து ஒரே ஓர் அணிதான் பருவம் முடிந்தபின் கலிபோர்னியா போய் ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஆடலாம். மற்ற அணிகள் அதைப் போன்ற வேறெந்த ஆட்டத்துக்கும் போகக்கூடாது என்பது விதி. யாரை அனுப்புவது என்று கூட்டமைப்புப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்தார்கள். ஒஹாயோ ஸ்டேட் போனது. தோல்வியே இல்லாத மிச்சிகன் வீட்டில் உட்கார்ந்தது. 1972, 1973, 1974 மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் மிச்சிகனுக்கு 30 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். மூன்று ஆண்டும் எங்கும் போகவில்லை. அந்த இரண்டு தோல்விகளும் ஒஹாயோ ஸ்டேட்டிடம்தான், ஒன்று மூன்று புள்ளியில், ஒன்று இரண்டு புள்ளியில்.

கொடுமையான விதி. 1975இல் அதைத் தளர்த்தினார்கள், நியாயம்தான். அந்த வாக்கெடுப்பை ஷெம்பெக்லர் கடைசிவரை மன்னிக்கவில்லை, அதுவும் நியாயம்தான். நான் அந்த விதியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் அன்று மைதானத்துக்குள் நுழைந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும், இன்று தவறினால் இந்த ஆண்டு முழுக்கச் செய்த உழைப்பு இங்கேயே நின்றுவிடும் என்று. பார்க்க வந்தவர்களுக்கும் தெரியும். அந்தத் தெரிதலில்தான் ஆட்டம் இருந்தது.

2024க்கு வாருங்கள். நவம்பர் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட் சொந்த ஊரில், லட்சம் பேருக்கு முன்னால், தரவரிசைப் பட்டியலிலேயே இல்லாத மிச்சிகனிடம் தோற்றது. பயிற்சியாளர் ரயன் டேயை விரட்ட வேண்டும் என்று ஊரே கத்தியது. மூன்று வாரம் கழித்து அதே மைதானத்தில் டென்னசியை 42–17 என்று அடித்தார்கள். பிறகு ஆரிகன், பிறகு டெக்சஸ், ஜனவரி 20ஆம் தேதி அட்லாண்டாவில் நோட்ரடாமை 34–23. கோப்பை கைக்கு வந்தது. காரணம், அந்த ஆண்டுதான் கோப்பைக்கான சுற்றை நான்கு அணிகளிலிருந்து பன்னிரண்டாகப் பெருக்கியிருந்தார்கள். பழைய ஏற்பாட்டில் அந்தத் தோல்விக்குப் பின் கோப்பையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார்கள்.

உங்களுக்கு இதில் மகிழ்ச்சி. இரண்டாம் வாய்ப்பு கிடைத்தது, ஜெயித்தார்கள், இதற்குமேல் என்ன வேண்டும் என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. பன்னிரண்டு அணிக்கு வழிவிட்டால் தொலைக்காட்சிக்கு அதிக ஆட்டம், அதிக விளம்பரம். சரி. சாம்பியனைக் கண்டுபிடிக்க அது நியாயமான வழியாகவும் இருக்கலாம். ஆனால் நவம்பர் கடைசிச் சனிக்கிழமையின் கழுத்தை அது மெல்ல நெரிக்கிறது. இந்த ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் ஆன் ஆர்பரில் தோற்றாலும் அநேகமாகப் பன்னிரண்டில் ஒன்றாக உள்ளே போய்விடும். ‘கவலைப்படாதே, இன்னும் ஆட்டங்கள் இருக்கின்றன’ என்று எல்லா அப்பாக்களும் எல்லாப் பையன்களிடமும் சொல்லலாம். சொல்லிச் சொல்லி இருபது ஆண்டில் அழுவதற்கு ஒரு பையனும் இருக்கமாட்டான். தோற்றால் என்ன போய்விடும் என்ற கேள்விக்கு ஒன்றும் போகாது என்று பதில் வந்துவிட்டால், அந்த ஆட்டத்தை லட்சம் பேர் குளிரில் உட்கார்ந்து எதற்குப் பார்க்க வேண்டும்?

தோல்விக்கு இருந்த விலையை விதி எடுத்துவிட்டது, ரசிகர்கள் அதைத் தங்கள் கையிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மேசை மூத்தவர் கட்டுகிறார். உங்கள் பையன் அந்தப் பனியனைப் போடாமல் கட்டுகிறான். கோப்பை வந்தது, ஆனால் அது மிச்சிகனுக்கு ஈடில்லை என்று ஒன்பது வயதில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். மிச்சிகனை வென்ற ஆண்டில் மட்டும் ஒஹாயோ ஸ்டேட் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சின்னஞ்சிறு பதக்கம் கொடுப்பார்கள், கால்பந்து ஆட்டக்காரர் போடும் கால்சட்டையின் வடிவத்தில், தங்க நிறத்தில். 1934இல் பயிற்சியாளராக வந்த பிரான்சிஸ் ஷ்மிட், மிச்சிகன்காரர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை மாட்டுகிறார்கள் என்று சொன்னதிலிருந்து வந்த வழக்கம். விரல் நுனியில் அடங்கிவிடும். 2024 அணியிடம் தேசியக் கோப்பை மோதிரம் இருக்கிறது. அந்தக் கால்சட்டை இல்லை. நான்கு ஆண்டு ஆடிவிட்டுப் போன பையன்கள் பலர் ஒன்றுகூட இல்லாமல் போனார்கள். மோதிரம் போட்ட கையோடு, அது கிடைக்கவில்லையே என்று நினைக்கிறவனை நான் முட்டாள் என்று சொல்லமாட்டேன்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2016 நவம்பரில் என் தங்கை மகள் வீட்டில், உங்கள் ஊருக்கு வடக்கே ஒரு புறநகரில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தனியாள். கல்லூரிப் பக்கமே போகாதவர். கார் நிறுத்தும் கூடத்தில் ஒரு பழைய தொலைக்காட்சியும் இரண்டு மடக்கு நாற்காலிகளும் போட்டிருந்தார். வேலியருகில் நின்றிருந்த என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். நல்லது, அப்படியானால் வாய் பேசமாட்டீர்கள் என்றார்.

வலது கையில் ஒரு கொட்டையை வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பக்கை மரத்தின் கொட்டை, அடர்ந்த பழுப்பு, ஒரு பக்கம் வெளிறிய வட்டம், கை பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னியது. அந்த ஊர்க்காரர்கள் ராசிக்காகப் பையில் வைத்திருப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், இரண்டாவது கூடுதல் நேரத்துக்கும் போனது. மிச்சிகன் 27, ஒஹாயோ ஸ்டேட் 24. நான்காவது முயற்சி, அதுவே கடைசி, பந்தைத் தக்கவைக்க இன்னும் ஒரு கஜம் வேண்டும். உதைத்துச் சமன் செய்யலாம். ஆனால் உதைப்பவர் அன்று ஏற்கெனவே இரண்டைத் தவறவிட்டிருந்தார். பெரியவர் எழுந்தார். கொட்டையை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். ‘என்னால் முடியாது, முடிந்ததும் சொல்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

குவார்ட்டர்பேக் ஜே.டி. பாரெட் பந்தோடு கோட்டை நோக்கிப் பாய்ந்தார், சொந்த அணிக்காரர் மீதே இடித்து விழுந்தார். எட்டினாரா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவர்கள் எட்டினார் என்றார்கள், பிறகு படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். பெரியவர் திரும்பாமலே ‘என்ன?’ என்று கத்தினார். நான் ‘பார்க்கிறார்கள்’ என்று கத்தினேன். ‘யார்?’ ‘எல்லோரும்!’ அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விளையாட்டு வர்ணனை. எட்டியது செல்லும் என்று தீர்ப்பானது. அடுத்த ஓட்டத்திலேயே கர்டிஸ் சாமுவேல் 15 கஜம் ஓடி முடித்துவைத்தார். 30–27. நான் கூடத்தைவிட்டு வெளியே ஓடினேன், எந்த அணி ஜெயித்தது என்று சொல்வதற்குப் பதிலாகக் கொட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, நாற்காலியை மடக்கியபடி முதலில் சொன்னது: ‘அடுத்த வருடம் அவர்கள் ஊரில்.’

மிச்சிகன்காரர்கள் இன்றுவரை அது எட்டவில்லை என்கிறார்கள். அவர்களுடைய அன்றைய பயிற்சியாளர் ஹார்பா நடுவர்களைத் திட்டியதற்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் பத்தாயிரம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எனக்கு எட்டியதாகத்தான் தெரிந்தது. கையில் கொட்டையை வைத்திருந்தவனின் சாட்சியம் எவ்வளவு செல்லும் என்பது வேறு விஷயம்.

அந்தப் பெரியவரிடம் எழுபத்தெட்டு என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அன்றும் ஒஹாயோ ஸ்டேட்தான் தரவரிசையில் மேலே இருந்தது. அவருக்கும் தெரியும். தெரிந்தும் வெளியே போய் நின்றார்.

வன்முறை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பையன் ஆட வேண்டும் என்று கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுங்கள், மருத்துவர்கள் சொல்வது போதும். பார்ப்பதற்குத் தடை வேண்டாம். பணம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இந்த 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் இந்த ஆண்டு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வருகிற இடத்தில், பயிற்சியாளரும் தொலைக்காட்சியும் பனியன் கடைக்காரரும் சம்பாதிக்கலாம், அடிபடுகிறவன் மட்டும் சம்பாதிக்கக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? மேற்கொண்டு பேச அதில் ஒன்றுமில்லை.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். ‘நமக்குத் தொடர்பே இல்லாத ஒன்று’ என்கிறீர்கள். அவன் பிறந்த ஊர் அது. அவன் பள்ளியில், அவன் தெருவில், அவனுடைய நண்பர்கள் அத்தனை பேரும் அன்று மாலை அழுதிருப்பார்கள். அவனுக்கு மட்டும் எப்படித் தொடர்பில்லாமல் போகும்? உங்களுக்கே தொடர்பில்லை என்பதையும் நான் நம்பவில்லை. தொடர்பில்லாத அணிக்காக எவன் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து இரண்டு அணிகளின் எல்லா ஆட்டங்களையும் எடுத்துச் சூத்திரம் போடுவான்? உங்களுக்கும் பயம்தான் ஐயா. அந்த மூத்தவர் தட்டோடு எழுந்து போனார், பெரியவர் தபால்பெட்டியருகில் போய் நின்றார், நீங்கள் கணினிக்குள் போய் ஒளிந்துகொண்டீர்கள்.

பையனை அழவிடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். இன்னும் ஆட்டங்கள் இருக்கின்றன என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரிய துக்கங்கள் பின்னால் வரும்போது அவனுக்கு உதவட்டும் என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை, அப்படியெல்லாம் ஒன்றும் உதவாது. அவனுக்கு இப்போது அழுகை வருகிறது, அது நிஜம். அவனோடு இருக்கிற ஆளாக நீங்கள் இருங்கள் என்கிறேன். பனியனைப் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அதை எப்போது போடுவது என்று அவனுக்குத் தெரியும்.

29ஆம் தேதி ஆட்டம் உங்களுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு. அந்த மூத்தவரை வீட்டுக்கு அழையுங்கள். வருவார், வராமல் இருக்கமாட்டார். உளுந்து வடை போடச் சொல்லுங்கள், பயந்தவர்கள் நிறையச் சாப்பிடுவார்கள். மிச்சிகனின் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் முதலாண்டு மாணவன், இப்படி ஓர் ஆட்டத்தில் ஆடியதில்லை. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு இந்த முறையும் அந்த ஜெரமையா ஸ்மித் இருக்கிறான், நடுவில் போய் முட்டக்கூடாது என்ற பாடமும் இருக்கிறது. ஒஹாயோ ஸ்டேட் ஜெயிக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.